வெங்காயத் தாள்ல வெள்ளக் கோடு: அடிக்கிறதுக்கு முன்னாடி கிழிச்சுப் பாருங்க

கேள்வி: அண்ணே வணக்கம். கல்லல் பக்கம் எங்க ஊரு. கெணத்துத் தண்ணிய நம்பி அரை ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டு 35 நாளாச்சு. தாள்ல வெள்ளையா கோடு ஓடுது, நுனி காயுது. மருந்துக் கடையில இலைப்பேன்னு சொல்லி ரெண்டு மருந்தக் கலந்து குடுத்தாங்க, ரெண்டு தடவ அடிச்சும் கோடு கூடுதே ஒழிய கொறையல. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மூணாவது தடவ டேங்க்க தோள்ல மாட்டாதீங்க. காலையில போயி கோடு விழுந்த தாள் ஒரு பதினஞ்சு கிள்ளி, நகத்தால நீளமா கிழிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. இலைப்பேன்னா தாள் பிரியுற கழுத்துலதான் ஒளிஞ்சிருக்கும், தாளச் சொரண்டி வெள்ளி பூசுன மாதிரி திட்டுத் திட்டா ஆக்கும். நீங்க சொல்றது கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல ஊசி குத்துன மாதிரி வெள்ளப் புள்ளி வரிசையா இருந்து, கோட்டுக்குள்ள கால் இல்லாத மஞ்சப் புழு நெளிஞ்சா அது இலை துளைப்பான் ஈ. ஈ வெறும் 2 மில்லிமீட்டர்தான், கறுப்பும் மஞ்சளுமா இருக்கும், தாளக் குத்தி சாறு குடிச்சு உள்ளயே முட்ட வைக்கும்.

இப்ப புரியுதா, அடிச்ச மருந்து ஏன் கேக்கலன்னு? புழு இருக்குறது தாளோட தோலுக்குள்ள, மேல பட்டு வழியுற மருந்து அதத் தொடவே இல்ல, ஆனா அந்தப் புழுவத் தேடி வந்து அது மேல முட்ட வைக்கிற கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குளவிங்க வெளியதான சுத்துது, அதுங்க மொதல்ல செத்துப்போச்சு. எனக்கு மனசு கெடந்து அடிக்கிறது இதுக்குத்தான், காசும் போயி காவக்காரனும் போயி. கிழிச்ச தாள்ல புழு பழுப்பாச் சுருங்கிக் கெடந்தா குளவி இன்னும் வேல செய்யுதுன்னு அர்த்தம், அப்ப கைய வைக்காம ஒரு வாரம் விடுங்க.

உசுரோட நெளியுறதுதான் அதிகம்னா வேப்பங்கொட்டச் சாறு அடிங்க. 10 லிட்டர் டேங்க்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்ப இடிச்சு ராத்திரி ஊறவச்சு, துணியில வடிகட்டி, காதி சோப்பு கொஞ்சம் கரைச்சு சாயங்காலம் அடிக்கணும். சோப்ப விட்றாதீங்க, வெங்காயத் தாள் மேல மெழுகு மாதிரி இருக்குறதால தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிரும். மஞ்சள் ஒட்டுப்பொறி அரை ஏக்கருக்கு மூணு, தாள் உயரத்துக்கே கட்டுங்க, பழைய டின்னுல மஞ்சப் பெயிண்ட் அடிச்சு வெளக்கெண்ண தடவுனாலும் ஈ ஒட்டும்.

ரொம்ப கோடு விழுந்த அடித்தாளக் கிள்ளி வரப்புல போடாதீங்க, புழு மண்ணுல எறங்கி கூட்டுப்புழுவாகி, நம்ம வெயிலுக்கு முட்டையிலேர்ந்து மூணு வாரத்துல திரும்ப ஈயா வந்து நிக்கும். கவர்ல கட்டி வெயில்ல போட்டுப் பொறவு ஆழமாப் பொதைங்க. மாட்டுக்கு அள்ளிப் போட்டுறாதீங்க, வெங்காயத் தாள் நெறையத் தின்னா மாட்டுக்கு ரத்தம் கெட்டுப்போகும்.

காய் தெரளுற நேரம் இது, தாள் போனா காய் சிறுத்துரும். அதனால அஞ்சு நாளைக்கு ஒருக்கா கிழிச்சுப் பாருங்க. அப்பயும் அடங்கலன்னா நாலு செடிய வேரோட புடுங்கி கவர்ல போட்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போங்க, முன்னாடி அடிச்ச ரெண்டு மருந்து டப்பாவையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.