29 வயது, மீசை வராத முகம்

கேள்வி: நான் திருநம்பி, அதாவது பெண்ணாகப் பிறந்தவன் என்று பதிவான ஆண். வயது 29. திருமங்கலம் பக்கம் ஊர். மதுரை விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. மாதவிலக்கு நின்றுவிட்டது, குரலும் உடைந்துவிட்டது. ஆனால் மேலுதட்டில் பூனைமுடி மட்டும்தான். கடைக்கு வருகிறவர்கள், "தம்பி, பெரியவங்க யாரும் இல்லையா?" என்கிறார்கள். பஸ்ஸில், "எந்த ஸ்கூல்ப்பா?" என்கிறார்கள். ஒரு தியேட்டரில் வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். பழைய பெயர் இருக்கும் ஆதாரைக் காட்ட மனமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். ஊசி மருந்தைக் கூட்டிப் போட்டால் தாடி சீக்கிரம் வரும் என்று ஜிம் நண்பர் சொல்கிறார். கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் உங்களுக்கு ஏறக்குறைய இதே முகம்தான். அப்போது பெண் என்று நினைத்துப் பார்த்தவர்கள் வயதை ஓரளவு சரியாகக் கணித்திருப்பார்கள். இப்போது ஆண் என்று பார்க்கிறார்கள். ஆண் என்றதும் கண் தானாகவே மீசையை, தாடையோரக் கருமையைத் தேடுகிறது. அது இல்லை, குரல் வேறு இப்போதுதான் உடைந்திருக்கிறது, கன்னத்தில் நாலு பருவும் இருக்கும். நம் ஊரில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பத்தாம் வகுப்புப் பையன் என்றுதான் எவருக்கும் தோன்றும். உடலைப் பொறுத்தவரை அவர்கள் பார்ப்பதில் பாதி உண்மையும் இருக்கிறது. நீங்கள் இப்போது பருவ வயதைத்தான் கடந்துகொண்டிருக்கிறீர்கள். 15 வயதுப் பையனுக்கு நடப்பது உங்களுக்கு 29-இல் நடக்கிறது.

அந்தப் பையனுக்கு ஒரே வருடத்தில் முழுத் தாடி வந்துவிடுவதில்லையே. உங்களுக்கும் அப்படித்தான். பருவும் எண்ணெய்ப் பிசுக்கும் முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும். குரல் நிலைக்க ஒன்று முதல் இரண்டு வருடம். தசையும் கொழுப்பும் இடம் மாறி முகவெட்டு மாற 2 முதல் 5 வருடம். முகத்து முடி 6 முதல் 12 மாதத்தில் தலைகாட்டும், முழுதாக வளர 4, 5 வருடம்கூட ஆகும். 14 மாதத்தில் பூனைமுடி என்றால் நீங்கள் சரியான பாதையில்தான் போகிறீர்கள். எவ்வளவு அடர்த்தியாக வரும் என்பது பரம்பரையைப் பொறுத்தது. உங்கள் அப்பாவையும் தாய்மாமனையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு இருபது வயதுக்குப் பிறகுதான் தாடி கட்டியது என்றால் உங்களுக்கும் பொறுமை வேண்டும். உயரமும் எலும்பும் இனி மாறாது. அதற்கு மருந்து இல்லை, வீணாகச் செலவு செய்யாதீர்கள்.

சரி, ஏன் கூட்டக் கூடாது? முடியின் வேருக்குத் தேவையான ஹார்மோன் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கொடுப்பது வேரை விரைவுபடுத்தாது. மிஞ்சியதில் ஒரு பகுதியை உடலே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும்.  அதைவிடப் பெரிய சிக்கல் ரத்தத்தில். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்பட்டு, உறையும் ஆபத்து கூடும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையும் இதைப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதனால் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள். பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று சிகரெட்டைத் தொட்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சிவப்பணுக்களை அதுவும் கூட்டும்.

கூடவே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பாருங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருந்தால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் கொடுங்கள். மூன்று மாத ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு கொடுங்கள். அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால் உங்கள் மருத்துவரே கூட்டுவார். ஜிம்மில் கை மாறி வரும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது கொடுப்பவருக்கே தெரியாது. முறையான கவனிப்பு இதுவரை இல்லையென்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் திருநர்களுக்கான சிறப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள்.

தாடிக்காக மினாக்ஸிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தைப் பூசுகிறவர்கள் உண்டு. சிலருக்குப் பலன் தருகிறது. தோல் எரிச்சலும் படபடப்பும் வரலாம் என்பதால் தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் பூனை வளர்த்தால் வேண்டவே வேண்டாம், அந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். கடையில் நாள் முழுக்க பைண்டர் (மார்பை இறுக்கித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை) அணிகிறீர்களா? எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாது. மூச்சு முட்டும், விலா வலிக்கும். தோளைக் குறுக்கியே நடக்கப் பழகிவிட்டால் இன்னும் சின்னப் பையனாகத் தெரிவீர்கள். நிமிர்ந்து நிற்பதும், தோளுக்குச் சரியாகப் பொருந்தும் சட்டையும் இரண்டு மூன்று வயதைக் கூட்டிக் காட்டும். துணிக்கடைக்காரருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

தியேட்டர் வாசலில் நடந்தது உங்களை எவ்வளவு குறுக வைத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. மீசை வளரும்வரை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் திருநர் அடையாளச் சான்றிதழ் வழங்குகிறார். அதை வைத்து மற்ற ஆவணங்களில் பெயரை மாற்றலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். இது ஊசியை விடச் சீக்கிரம் பலன் தரக்கூடும்.

அப்புறம் அந்தத் "தம்பி". போன வருடம்வரை உங்களை "பாப்பா" என்றோ "அக்கா" என்றோ கூப்பிட்ட அதே கடைவீதி இப்போது யோசிக்காமல் "தம்பி" என்கிறது. வயதுதான் தப்பு, ஆளைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள்.