குமரி ரோட்டுக்கு ஓட்டச் சுகமான செடான் எது? கேள்வி பதில்

குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்ட உற்சாகமாகவும், பின்சீட்டில் இருப்பவருக்கு நோகாமலும் இருக்கிற செடான் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில். டயர், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், பழைய வண்டி சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். லோன், இன்சூரன்ஸ், விலை பேரம் வேண்டாம்.

குலசேகரத்திலிருந்து: அண்ணே, தினமும் நாகர்கோவில் போய் வரணும். எனக்கு ஓட்டுறதுக்கு ஜாலியா இருக்கணும். கூட அம்மா வருவாங்க, இடுப்பு வலி உண்டு. ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ், ஹூண்டாய் வெர்னா, ஹோண்டா சிட்டி நாலுல எது?

பதில்: தம்பி, நாலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம். பீம் என்றால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் பிணைந்திருக்கும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அடுத்த பக்கமும் கொஞ்சம் அசையும். அதனால் பின்சீட்டில் இருப்பவருக்குப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். முன்சீட் இரண்டு அச்சுக்கும் நடுவில் வருவதால் தூக்கிப் போடுவது குறையும். எந்தக் கம்பெனி வண்டி வாங்கினாலும் செலவில்லாத முதல் வைத்தியம் இது.

இனி வித்தியாசங்கள். ஸ்லாவியாவும் விர்டுஸும் தரையிலிருந்து 179 மி.மீ. உயரம், வெர்னாவும் சிட்டியும் 165. இவை காலி வண்டியின் கணக்கு, ஆளும் சாமானும் ஏறினால் இறங்கும். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள நீளம்) ஸ்லாவியா, விர்டுஸ் 2651 மி.மீ., வெர்னா 2670, சிட்டி 2600. கூர்மையான ஸ்பீடு பிரேக்கரில் நடுவயிறு தட்டுவதற்கு உயரத்தோடு இந்த நீளமும் காரணம். வெர்னா குறைந்த உயரமும் கூடிய நீளமும் உள்ள வண்டி, கிராம ரோட்டில் முதலில் தட்டுவது அதுதான்.

சிட்டி 20 கி.மீ. வேகத்தில் மெத்தென்று போகும், 80-ல் அலை அலையான ரோட்டில் மிதக்கும். ஸ்லாவியாவும் விர்டுஸும் நேர் எதிர்: மெதுவாகப் போகும்போது கொஞ்சம் கடினமாகத் தெரியும், 60 தாண்டினால் அமைதியாகிவிடும், வளைவில் சாயாது. சிட்டியின் 1.5 என்ஜின் 121 பி.எஸ். (குதிரைத்திறன்), அதன் 145 நியூட்டன் மீட்டர் டார்க் 4300 சுற்றில்தான் வரும். என்ஜினை உயர்ந்த சுற்றுக்கு ஏற்றி ஓட்டுபவருக்கு அது இன்பம். மலையோர ஏற்றத்தில் இரண்டாம் கியரில் திணறாமல் ஏற வேண்டுமானால் டர்போ வேண்டும்.

உங்கள் தேவைக்கு ஸ்லாவியா அல்லது விர்டுஸ் 1.0 டி.எஸ்.ஐ. (டர்போ என்ஜின்) போதும்: 115 பி.எஸ்., 178 நியூட்டன் மீட்டர். 1.5-ன் 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டரை குலசேகரம் ரோட்டில் பயன்படுத்த இடம் கிடைக்காது. மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

தக்கலையிலிருந்து: டெஸ்ட் டிரைவ்ல என்னதான் பார்க்கணும்? ஷோரூம்காரர் நாலுவழிச்சாலையில ஒரு சுற்று சுற்றிட்டு விட்டுடுறார்.

பதில்: அந்த ரோட்டில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நீங்கள் தினமும் போகிற ரோட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு ஷோரூம் பாருங்கள். கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள், டிரைவர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவோடு சரிபாருங்கள். டெஸ்ட் வண்டியில் காற்றை யாரும் பார்ப்பதில்லை. கூடுதலாக இருந்தால் நல்ல வண்டியைக் கல் போல நினைத்துத் திரும்பி வருவீர்கள்.

நான்கு பேர் ஏறுங்கள். முதலில் உடைந்த ரோட்டில் 20–30 கி.மீ.யில் போங்கள், நீங்கள் பின்சீட்டில் இருங்கள். பிறகு மேடு பள்ளமான நேர்ரோட்டில் 60. மேடு தாண்டியதும் பின்பக்கம் ஒரே ஆட்டத்தில் நின்றால் டாம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் திறன்) நன்று, இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால் உங்கள் ரோட்டுக்கு ஆகாது. கடைசியில் உங்கள் வீட்டு ஏற்றத்திலும் வாசல் சரிவிலும் ஏற்றிப் பாருங்கள். முன்பம்பர் உரசுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

கொல்லங்கோட்டிலிருந்து: ஸ்லாவியாவா விர்டுஸா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதில்: அடித்தளமும் என்ஜினும் ஒன்றுதான், இரண்டுக்கும் 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம். எந்த சர்வீஸ் சென்டர் உங்களுக்குப் பக்கமோ அது.

மார்த்தாண்டத்திலிருந்து: 1.5 டி.எஸ்.ஜி. எடுக்க ஆசை. மேம்பாலத்துக்குக் கீழ உள்ள டிராஃபிக்ல கிளட்ச் போயிடும்ணு பயமுறுத்துறாங்க. உண்மையா?

பதில்: பயத்தில் நியாயம் உண்டு. டி.எஸ்.ஜி. என்பது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகக் கியர் மாற்றும் பெட்டி. இது உலர் கிளட்ச் உள்ள 7 கியர் பெட்டி. எண்ணெயில் மூழ்காத கிளட்ச் என்பதால் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் ஊர்ந்தால் சூடு எளிதில் வெளியேறாது. அங்குலம் அங்குலமாக ஊர வேண்டாம். முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் விடுங்கள், இடம் வந்ததும் தெளிவாக நகர்த்தி நிறுத்துங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிற்க வைப்பதுதான் கிளட்சைக் கருக்குவது. அங்கே பிரேக் பிடியுங்கள். இப்படி ஓட்ட உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் 1.0-ன் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், அல்லது மேனுவல். 160 பி.எஸ். வெர்னா டர்போவின் டி.சி.டி.யும் இரட்டைக் கிளட்ச் பெட்டிதான், அதற்கும் இதே எச்சரிக்கை.

குளச்சலிலிருந்து: 17 இன்ச் அலாய் போட்டா பார்க்க கெத்தா இருக்கும்ணு கடைக்காரர் சொல்றார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். 205/55 R16 என்றால் அகலம் 205 மி.மீ., அதில் 55 சதவீதம் பக்கச்சுவர், ரிம் 16 இன்ச். அந்த டயரின் பக்கச்சுவர் 113 மி.மீ. 215/45 R17 போட்டால் 97. குழியில் அடிபட்டால் தாங்க இருக்கும் ரப்பரில் 16 மி.மீ. போய்விடும். ரிம் டயரைக் கவ்வி உள்ளே உள்ள நூலை அறுக்கும், பக்கவாட்டில் குமிழ் வரும். குமிழ் வந்த டயருக்குப் பஞ்சர் வைத்தியமெல்லாம் கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். கூடவே ரிம் வளையும்.

எதிர்ப்பக்கமாகப் போக விரும்பினால் 205/60 R16: பக்கச்சுவர் 123, உயரம் 10 மி.மீ. கூடும், ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட சுமார் 3 சதவீதம் குறைவாகக் காட்டத் தொடங்கும். ஸ்கோடாவின் எஸ்.யு.வி. குஷாக்கின் அடிப்படை வேரியன்ட்டில் வரும் அளவு இதுதான். போடும் முன் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க வளைத்தும், பின்னால் மூன்று பேரை ஏற்றியும் உள்ளே உரசுகிறதா என்று பாருங்கள்.

கடலோரம் என்பதால் இன்னொன்று: வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அண்டர்கோட்டிங் அடிப்பவர் கதவுக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடைத்தால் உப்புத்தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும்.

இரணியலிலிருந்து: வெர்னா வச்சிருக்கேன். பின்னால நாலு பேர் ஏறினா இடிக்கு. ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் வைக்கச் சொல்றாங்க.

பதில்: வைக்காதீர்கள். ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று 5 என்று வைத்துக்கொள்வோம். பஃபர் ஒரு சுற்றை அசையவிடாமல் பிடித்தால் மீதி 4. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும், 5 நாலானால் 25 சதவீதம். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காக அமைத்தது. புது வேகத்தில் திரும்பி எழும் ஸ்பிரிங்கை அதனால் அடக்க முடியாது, மேடு தாண்டியதும் வண்டி துள்ளும்.

மார்த்தாண்டத்திலிருந்து இன்னொருவர்: எனக்க மச்சானுக்க வண்டியில ரெண்டு வருஷமா பஃபர் இருக்கு, ஒண்ணும் ஆகல. இப்ப இடிக்கவே இல்ல. எல்லாருக்கும் பயம் காட்டாதீங்க அண்ணே.

பதில்: இடிக்காது, அது உண்மை. ஸ்பிரிங்கை அமுங்கவிடாமல் நிறுத்தினால் எப்படி இடிக்கும்? குழியின் அடி எங்கே போனது என்று பாருங்கள்: ஷாக்கின் மேல் மவுன்ட், உடற்கூட்டு வெல்டிங், பின்சீட்டில் இருப்பவர் முதுகெலும்பு. பஃபரின் மேலும் கீழும் உள்ள சுற்றுகள்தான் மீதி வேலையைச் செய்கின்றன, களைப்பு அங்கே சேரும். மண்ணும் தண்ணீரும் பஃபருக்குள் தங்கிப் பெயின்டை உரிக்கும், ஸ்பிரிங் துருப்பிடித்து அந்த இடத்தில் விரிசல் விடும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், தேய்ந்த கோடு தெரியும்.

அதே மார்த்தாண்டத்து நண்பர்: அப்ப மேலே மெட்டல் ஸ்பேசர்? அது ஸ்பிரிங்கைத் தொடாதே.

பதில்: நல்ல கேள்வி, பஃபரைவிட நேர்மையான வழி. ஸ்ட்ரட்டுக்கு மேல் 20 மி.மீ. வைத்தால் உடல் உயரும், ஸ்பிரிங் கடினமாகாது. ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரமும் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் மாறும், சி.வி. ஜாயின்ட் (அந்த ஷாஃப்ட்டின் முனையில் உள்ள மூட்டு) கோணலாகவே சுழலும். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) கெட்டு டயர் ஓரம் தேயும், உடனே வீல் அலைன்மென்ட் வேண்டும். சஸ்பென்ஷன் வாரண்டியும் கேள்விக்குறி. 205/60 R16-ல் 10 மி.மீ. தொல்லையில்லாமல் கிடைக்கும்போது இது எதற்கு?

இரணியல் நண்பரே, உங்கள் வண்டிக்கு உண்மையில் செய்ய வேண்டியது அளப்பது. சமதரையில் காலியாக நிறுத்துங்கள். ஹப் (சக்கர மையம்) நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து நான்கையும் எழுதுங்கள். டயர் தேய்மானம் இந்த அளவைப் பாதிக்காது. பின் இடதுக்கும் வலதுக்கும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசமானால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஷாக்கின் கம்பியில் எண்ணெய் ஈரம் வழிந்து மண் ஒட்டியிருந்தால் ஷாக் முடிந்தது. எதை மாற்றினாலும் இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள், ஒற்றையாக வேண்டாம்.

அழகியமண்டபத்திலிருந்து: நானும் பஃபர் வச்சிருக்கேன், நல்லாத்தான் இருக்கு.

பதில்: மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன், படித்துப் பாருங்கள். அளந்து பார்க்காமல் பஃபர் வைப்பதையே எதிர்க்கிறேன்.

கருங்கலிலிருந்து: 165 மி.மீ. கிளியரன்ஸ் நம்ம ரோட்டுக்குப் போதுமா?

பதில்: முதல் பதிலில் சொன்னேன்: அந்த உயரத்தோடு நீளமும் கூடினால் கிராம ரோட்டில் தட்டும். அதோடு ஒன்று: உயரமான ஸ்பீடு பிரேக்கரை நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: பழைய ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. ஒன்று கிடைக்குது. நம்ம பக்கம் காற்றுல வண்டி ஆடுமா? வாங்கலாமா?

பதில்: காற்றில் உயரமான வண்டியைவிட செடான்தான் மேல், தாழ்ந்த உடல் காற்றுக்குக் குறைந்த பரப்பைத்தான் காட்டும். பஸ்ஸைத் தாண்டி வெளியே வரும்போது திடீரென்று காற்று அடிக்கும், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

ஆக்டேவியா 1.8: 180 பி.எஸ்., பின்னால் பீம் கிடையாது, மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரமும் தனியாக அசையும்). இந்தப் பட்டியலில் உடைந்த ரோட்டை உண்மையாக உள்வாங்கும் பின்சஸ்பென்ஷன் இதுதான். ஆனால் வண்டி தாழ்வு, கியர்பெட்டி உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. குளிர்ந்த என்ஜினிலும் அரை மணி ஓட்டிச் சூடான பிறகும் சோதியுங்கள். முதல் இரண்டு கியரில் நடுக்கம், ரிவர்ஸ் போட்டால் தாமதம், கியர் குறி மினுக்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள், மெக்கட்ரானிக் (கியரையும் கிளட்சையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) செலவு வண்டி விலையையே கேள்வியாக்கும். லிப்ட்டில் தூக்கி என்ஜின் அடித்தட்டையும் ஆயில் சம்ப்பையும் (என்ஜின் எண்ணெய்த் தொட்டி) பாருங்கள். அடிபட்ட தடம் இருந்தால் அதைக் காட்டியே பேசுங்கள்.

திருவட்டாரிலிருந்து: மெதுவாப் போகும்போது முன்னால ‘டக் டக்’ சத்தம். மெக்கானிக் ஷாக் மாத்தணும்ங்கார்.

பதில்: ஷாக்கை மாற்றும் முன் லிங்க் ராடை, அதாவது வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரப் பக்கம் இணைக்கும் சிறு தண்டைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது சத்தமும், இரண்டும் ஒன்றாக ஏறும்போது அமைதியும் என்றால் அது ஸ்டெபிலைசர் லிங்க். வளைக்கும்போது ‘கடக் கடக்’ என்றால் சி.வி. ஜாயின்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரு தட்டு தட்டினால் லோயர் ஆர்ம் புஷ். நின்றபடி ஸ்டீயரிங் திருப்பினால் ஸ்பிரிங் துள்ளுவது போலிருந்தால் ஸ்ட்ரட் மவுன்ட். லிங்க் ராடு விலை ஷாக் விலையில் ஒரு சிறு பங்குதான், மலிவானதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: எலக்ட்ரிக் எதாவது சொல்லுங்க. லோன் வட்டியும்.

பதில்: இரண்டும் இங்கே இல்லை.

தேங்காப்பட்டணத்திலிருந்து: வண்டி கொஞ்சம் கடினமாத் தெரியுது. காற்றை 5 பி.எஸ்.ஐ. குறைச்சா மெத்தென்று இருக்குமா?

பதில்: இருக்கும், டயர் போகும் நாள்வரை. குறைந்த காற்றில் குழி அடித்தால் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும். கதவில் எழுதியிருக்கும் அளவே சரி. காலையில் குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும், ஓடிய பிறகு பார்த்துக் குறைத்தால் மறுநாள் அளவுக்குக் கீழே நிற்கும். குழி தெரிந்தால் முன்னாலேயே பிரேக் பிடித்து, குழியில் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் அழுத்தினால் முன்ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிவிடும், அடியைத் தாங்க மிச்சம் இருக்காது. மழையில் தண்ணீர் நிறைந்த குழியை ஆழம் தெரியாமல் வேகமாகக் கடக்காதீர்கள்.

வில்லுக்குறியிலிருந்து: அலைன்மென்ட் எத்தனை கி.மீ.க்கு? அண்ணே, டயர் கடைக்காரர் வீல் போல்ட்டை ஏர் கன்ல முறுக்கிடுறார், பரவாயில்லையா?

பதில்: இந்த ரோட்டில் 5000 கி.மீ.க்கு ஒருமுறை, பெரிய குழியில் அடிபட்டால் உடனே. கன்னில் மெதுவாகப் பிடிக்கச் சொல்லி, கடைசிச் சுற்றை டார்க் ரெஞ்சில் போடச் சொல்லுங்கள்: ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனுக்கு 120 நியூட்டன் மீட்டர், சிட்டிக்கு 108. கூடினால் பிரேக் டிஸ்க் கோணும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பிறகு 50 கி.மீ. ஓட்டியதும் ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.