‘1966’ என்று பொறித்த பார்பி: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

வாசகி கேள்வி: நான் கனடாவில் வசிக்கிறேன். அண்மையில் ஒரு பழம்பொருள் கடையில் பார்பி பொம்மை ஒன்றைப் பார்த்தேன். அதன் இடுப்பின் பின்புறத்தில் 1966 என்ற ஆண்டும், மலேசியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பல் தெரியச் சிரிக்கும் முகம், நீண்ட பொன்னிறக் கூந்தல், மினுமினுக்கும் இளஞ்சிவப்பு கவுன். பெட்டி இல்லை. “1966ஆம் ஆண்டுப் பொம்மை, உடையும் அசல்” என்று கடைக்காரர் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அந்த விலைக்குத் தகுமா என்று தெரியவில்லை. எவற்றைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று உடனே எண்ண வேண்டாம். பழைய பார்பி விற்பவர்களில் பலரும் நல்லெண்ணத்துடனேயே செய்யும் தவறு இது. உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு, அந்தப் பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அல்ல. அந்த உடல் வடிவத்துக்கு, பார்பியைத் தயாரிக்கும் மாட்டெல் நிறுவனம் குறித்துக்கொண்ட பதிப்புரிமையின் ஆண்டு. இடுப்பு திரும்பும் உடல் 1967இல் விற்பனைக்கு வந்தபோது அதன் அச்சில் 1966 என்று இருந்தது. அந்த எண் அதற்குப் பின் 1990கள் வரையிலும் எண்ணற்ற பொம்மைகளின் உடலில் தொடர்ந்து வந்தது. இன்னும் சொல்வதானால், 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான முதல் பார்பியின் உடலிலேயே 1958 என்றுதான், அதுவும் ரோமன் எண்களில், பொறித்திருந்தார்கள். ஆகவே அந்த எண் “இதற்கு முந்தியதாக இருக்க முடியாது” என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு பிந்தியது என்பதைச் சொல்லாது.

உண்மையான வயதை முகமும் நாட்டின் பெயரும் சொல்லும். தொடக்கக் காலப் பார்பி ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். 1971இல் வந்த மலிபு பார்பியிலிருந்து கண்கள் நேராகப் பார்க்கத் தொடங்கின. நீங்கள் சொல்லும் பல் தெரியும் அகன்ற சிரிப்பு, 1977இல் வந்த சூப்பர்ஸ்டார் பார்பியின் முகத்துக்கு உரியது. அந்தத் தலை அச்சின் ஆண்டு 1976. கழுத்து விளிம்பில் அந்த எண் இருக்கும். 1960களின் பார்பிகளில் பெரும்பாலும் ஜப்பான் என்றே இருக்கும். மலேசியா என்ற பெயர் 1980களின் பொம்மைகளிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் காணப்படுவது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பொம்மை கடைக்காரர் சொல்லும் ஆண்டுக்குக் குறைந்தது பத்து ஆண்டுகளும், பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவும் இளையது. அந்தக் காலத்துப் பார்பிகள் மிகப் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டவை. பெட்டியில்லாமல் வரும்போது அவற்றுக்கு 1960களின் விலையைக் கேட்பது பொருந்தாது.

வயது தெளிந்துவிட்டது என்பதால் பொம்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காலத்துப் பொம்மையானாலும் அதன் மதிப்பை முடிவு செய்வது அதன் நிலைமைதான். அதைப் பார்க்கும்போது முகத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை. முகத்தை முதலில் பார்த்தவர்கள் அதில் மயங்கி, மற்றக் குறைகளைத் தாமாகவே மன்னித்துவிடுகிறார்கள். நான் எப்போதும் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு உடையைக் கழற்றிவிட்டு, பாதத்திலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பேன்.

கால் விரல்களிலும் கைவிரல்களிலும் கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் அதிகம் கடிப்பது அவற்றைத்தான். பிறகு முழங்காலை மெல்ல மடக்குங்கள். மடங்கும் கால்களில் ‘கிளிக்’ என்ற ஒலியுடன் படிப்படியாக மடங்கி, வைத்த நிலையில் நிற்க வேண்டும். ஒலியே இல்லாமல் தொய்ந்தால் உள்ளிருக்கும் பொறி உடைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய இயலாது. முழங்காலின் பின்புற மடிப்பில் தோல் பிளந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டு கால்களையும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் இடுப்பு தளர்ந்து தொங்கக் கூடாது.

அடுத்து விரலால் காலைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அது வெறும் அழுக்கு அல்ல. பொம்மையின் வினைல் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த வேதிப்பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வருவதால் ஏற்படுவது அது. துடைத்தால் சில நாள் போகும், பிறகு திரும்ப வரும். வெப்பமான பரணிலோ காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையிலோ பல ஆண்டுகள் கிடந்த பொம்மைகளில் இதை அதிகம் காணலாம். அடர்நிற உடையை நெடுங்காலம் அணிந்திருந்தால் சாயம் உடலில் ஊறிக் கறையாகியிருக்கும். இளஞ்சிவப்பு கவுனுக்கு அடியில் கறுப்போ நீலமோ தெரிந்தால், அந்த உடல் நெடுங்காலம் வேறு உடையில் இருந்தது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

தலைக்கும் உடலுக்கும் நிறம் வேறுபட்டால், வேறு பொம்மையின் தலையைப் பொருத்திவிட்டார்கள் என்று பலர் அவசரப்பட்டுச் சொல்வார்கள். தலை, கை, உடல் ஆகியவை வெவ்வேறு கலவைகளில் வார்க்கப்படுவதால் ஒவ்வொன்றும் தனித்தனியே நிறம் மாறும். ஆகவே நிற வேறுபாடு மட்டும் சான்றாகாது. தலையின் ஆண்டும் உடலின் ஆண்டும் வேறாக இருப்பதும் இயல்பே. ஆனால் கழுத்து விளிம்பின் பின்புறத்தில் கீறலோ வெடிப்போ இருந்தால், தலையை யாரோ கழற்றியிருக்கக்கூடும். அப்போது சந்தேகப்படக் காரணம் உண்டு. நீங்கள் தலையைக் கழற்றிப் பார்க்க முயல வேண்டாம். கனடாக் குளிரில் விறைத்திருக்கும் வினைல் சிறு இழுப்பிலேயே கிழிந்துவிடும். தலையை முன்னே சாய்த்து, சிறிய கைவிளக்கின் ஒளியில் விளிம்பைப் படித்தாலே போதும்.

இப்போது முகத்துக்கு வரலாம். காதுகளை முதலில் பாருங்கள். உலோகத் தோடு அணிந்திருந்த பார்பிகளில் அந்த உலோகம் அரித்து, துளையைச் சுற்றிப் பச்சைக் கறை படரும். சேகரிப்பாளர்கள் இதைப் ‘பச்சைக் காது’ என்பார்கள். முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கொண்டு சிலர் இதை வெளுக்க வைப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் காதைச் சுற்றி மற்றத் தோலைவிட வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். என் அனுபவத்தில், கறையை மறைக்க வெளுத்த பொம்மையைவிட, கறையை மறைக்காமல் விற்கப்படும் பொம்மையையே நம்பி வாங்கலாம். அதன் குறை உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

உதட்டையும் புருவத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஆலை வண்ணத்தின் விளிம்பு ஒரே சீராகவும் கூர்மையாகவும் இருக்கும். தூரிகையின் இழைத்தடமோ கொஞ்சம் தடித்த பளபளப்போ தெரிந்தால் பிறகு யாரோ பூசியது. எவ்வளவு திறமையாகப் பூசியிருந்தாலும், தேய்ந்த அசல் உதட்டுக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை. கூந்தலில் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து நீளத்தை ஒப்பிடுங்கள். வெட்டிய கூந்தல் ஓரிடத்தில் படியாகக் குறையும். பிறகு முடியை வகிர்ந்து, தைத்த துளை வரிசைகளில் எங்கேனும் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். கலைந்த முடியைச் சீவிச் சரிசெய்துவிடலாம். உதிர்ந்த முடியை அசலாகத் திருப்பிக் கொண்டுவர இயலாது.

உடையைப் பற்றி, எனக்கு மிகப் பிடித்த பகுதி என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். 1960களின் பார்பி உடைகள் பதினொன்றரை அங்குல உடலுக்கு அளவெடுத்துத் தைத்த உண்மையான ஆடைகள்: உள்துணி வைத்திருப்பார்கள், மடித்துத் தைத்த ஓரம் இருக்கும், நகத்தளவு பிரஸ் பட்டனும் மிகச் சிறிய உலோக ஜிப்பும் இருக்கும், உள்ளே பார்பி பெயர் நெய்த லேபிள் தைத்திருக்கும். ஷார்லட் ஜான்சன் என்ற வடிவமைப்பாளர் ஜப்பானில் தங்கியிருந்தே இந்த நேர்த்தியைக் கண்காணித்தார். அந்தத் தரத்தை உங்கள் கவுனிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதன் பின்புறம் வெல்க்ரோவில் மூடுமானால் அது 1960களின் உடை அல்ல என்பது தெளிவு. சூப்பர்ஸ்டார் காலத்து உடையாக இருக்கலாம். அதற்குரிய அளவுகோல்கள் வேறு: மினுமினுப்பு உதிராமல் இருக்கிறதா, துணியின் ஓரம் பிரிகிறதா, வெல்க்ரோ உரசிக் கூந்தலையோ துணியையோ இழை எழுப்பியிருக்கிறதா, துணியின் பூவேலை பொம்மையின் உடலுக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பூ மிகப் பெரிதாகவும் தையல் நீளமாகவும் இருந்தால் யாரோ வீட்டில் அன்புடன் தைத்தது. அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ‘அசல் உடை’ என்ற விலையைத் தரக் கூடாது. கையில் மோதிரத்துக்கான துளை இருந்து மோதிரம் இல்லையென்றால், காதில் துளை இருந்து தோடு இல்லையென்றால், செருப்பு இல்லையென்றால், ஒவ்வொன்றுக்கும் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

விலை பேசும்போது கடைக்காரர் சொல்லும் ஆண்டை மறுத்து வாதிட வேண்டாம். கழுத்து விளிம்பில் 1976 என்ற எண் தெரிந்தால் அதை அவருக்குக் காட்டுங்கள்; பெட்டி இல்லாத, அணிகலன் குறைந்த, 1980களின் பொம்மைக்கு நியாயமான விலை என்ன என்று அவரிடமே கேளுங்கள். பிசுபிசுப்பும் கழுத்து வெடிப்பும் இல்லாமல், முழங்கால் ஒலி சரியாக இருந்து, உதட்டு வண்ணம் ஆலையில் இட்டதாகவே இருக்குமானால், அந்த விலைக்குத் தயங்காமல் வாங்கலாம். வாங்கிய பின் தோட்டை முதலில் கழற்றித் தனியே வையுங்கள். பொம்மையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் அறைச்சூடேற்றியின் வெப்பமும் படாத அலமாரியில் வையுங்கள்.