சாட்சி வரிசையில் ஒரு பெயர்

கேள்வி: ஜெர்மனியில் 800 வருஷத்துக்கு முன் வாழ்ந்த பிரபுக்களின் வாழ்க்கையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் ஐயா? சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தால் போதுமே?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அந்தப் பதிவேடே அப்போது இல்லையம்மா. கத்தோலிக்கத் திருச்சபை ஊர்க்கோயில்களில் அதைக் கட்டாயமாக்கியது 1563-இல்தான். அதற்கு முந்திய ஆளைப் பிடிக்க சாசனத்தின் வாலைப் பிடிக்க வேண்டும். வால் என்றால், கடைசியில் வரும் சாட்சிப் பட்டியல்.

ஐக்கே ஃபான் ரெப்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்சனியின் வழக்குச் சட்டத்தை ஜெர்மன் மொழியில் ‘சாக்சென்ஷ்பீகல்’ என்று எழுதி வைத்தவர். முதலில் லத்தீனில் எழுதியதாகவும், ஃபால்கன்ஷ்டைன் பிரபு ஹோயர் கேட்டுக்கொண்டதால் ஜெர்மனில் ஆக்கியதாகவும் அவரே முன்னுரையில் சொல்கிறார். மற்றபடி அவர் வாழ்க்கைக்கு ஆதாரம் ஆறே சாசனங்கள்: 1209, 1215, 1218, 1219, 1224, 1233. ஆறிலும் அவர் சாட்சி மட்டுமே. கையெழுத்துக்கூடப் போடவில்லை, பெயர்களை எழுதியவர் எழுத்தர், முத்திரை சாசனம் கொடுத்தவருடையது.

‘இன்னாரும் இருந்தார்’ என்ற ஒற்றை வரியில் என்ன கிடைக்கும் என்பீர்கள். 1218-இல் கிரிம்மாவில், 1224-இல் டெலிட்ஷில் என்று ஆள் நின்ற இடம் கிடைக்கிறது. யாருடைய சபையில் நின்றார் என்பதும் தெரிகிறது. பெயர்களின் வரிசை அதைவிட முக்கியம். முதலில் குருமார், பிறகு பிரபுக்கள், அப்புறம் ஊழியக் கடமை உள்ள வீரர்கள். ஐக்கே பிறப்பால் சுதந்திரப் பிரபுவா, ஊழிய வீரரா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுவது, அவர் பெயர் யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் நிற்கிறது என்பதை வைத்துத்தான். புகழுரையைவிட இந்த வரிசையைத்தான் நான் நம்புவேன். பந்தியில் யாரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பது பொய் சொல்லாது.

தேதியில் மட்டும் உஷார். மாதம், நாள் போடாமல் சில சாசனங்களில் புனிதரின் திருநாளைச் சொல்வார்கள். பல இடங்களில் புத்தாண்டு பிறந்தது கிறிஸ்துமஸ் அன்று. ‘1220, மாசற்ற குழந்தைகள் திருநாள்’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1219 டிசம்பர் 28. இது தெரியாத காலத்தில், நோட்டில் ஒரு வீரரை ஒரு வருஷம் கூடுதலாக வாழ வைத்திருக்கிறேன்!

சர்ச்சிலும் ஒரு புத்தகம் உண்டு: இறந்தோர் நினைவேடு. காணிக்கை தந்தவருக்காக ஆண்டுதோறும் ஜெபிக்க, மடங்களில் பெயரையும் இறந்த நாளையும் எழுதினார்கள். பெரும்பாலும் வருஷம் இருக்காது. திதி கொடுக்க வருஷம் எதற்கு? அதனால் சாசனத்தில் ஒருவர் கடைசியாகத் தென்படும் வருஷத்தோடு நினைவேட்டு நாளைப் பொருத்தி, இறந்த தேதியைக் கணிக்கிறார்கள்.

ஐக்கேக்கு அந்த நாளும் தெரியவில்லை. 1233-இல் மாக்டபுர்க் பக்கம் ஸால்ப்கேயில் சாட்சியாக நிற்கிறார். அதோடு சரி.