உடன் வேலை பார்த்தவர் விலகிப் போகிறார். வெளியிடத்தில் விளையாட்டுகளோடு பிரிவுபசாரம் வைக்கலாமா? என்னென்ன விளையாட்டு, எப்படி ஏற்பாடு செய்வது?

தாராளமாக வைக்கலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: கிளம்புகிறவரை நாற்காலியில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

நம் ஊர் பிரிவுபசாரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் ஒரு நாற்காலி, தோளில் சால்வை, தட்டில் ஒரு மைசூர்பாகு, கொஞ்சம் மிக்ஸர். ஒவ்வொருவராக எழுந்து "அண்ணனைப் பத்திச் சொல்லணும்னா..." என்று ஆரம்பித்து, மேற்கொண்டு வார்த்தை வராமல் உட்காருவார்கள். அவரோ மிக்ஸரில் கை வைக்கக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு சிரித்த முகமாகவே இருக்க வேண்டும். மைதானத்துக்குக் கூட்டிப்போனாலும், பரிசு கொடுக்கும் சிறப்பு விருந்தினராக அவரை ஆக்கிவிட்டால் இதே கதைதான். என்ன, கூடவே வெயிலும் இருக்கும்.

நான் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். வழியனுப்புவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. சி.ஏ. படிக்கும் பசங்க ஆடிட்டரிடம் தொழில் பழகும் ஆர்ட்டிகிள்ஷிப்பை 2023 ஜூலையில் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்த பிறகு, ஒரு பையன் தொழில் பழகி உருப்படியாக வருவதற்குள் கேக் வெட்டும் நாள் வந்துவிடுகிறது. பசங்களுக்குக் கேக்கோடு சரி. ஆனால் 2024-இல் கிளம்பியவர் எங்கள் சீனியர் அக்கவுண்டன்ட் அண்ணன். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அந்த மூலை மேசை அவருடையது. மனைவிக்கு ஓசூருக்கு மாற்றல் வந்ததால் குடும்பத்தோடு போனார். அவருக்குச் சால்வை போட்டு அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

தேதி பிடிப்பதுதான் முதல் தலைவலி. ஜூலை 31 வருமான வரி ரிட்டர்ன் கெடு முடியும் வரை எங்கள் ஆபீசில் பிரிவுபசாரம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. அடுத்த ஞாயிறு ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை. பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் தர்ப்பணம் கொடுக்கப் பேரூர். ஆக 11-ஆம் தேதி என்று முடிவானது. கடைசி வேலை நாளன்று மட்டும் வைக்காதீர்கள். ஒப்படைப்பு வேலையில் மனிதர் அல்லாடிக்கொண்டிருப்பார்.

இடத்துக்கு ஆழியாறு போகலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருத்தன் இறங்குவான், அப்புறம் எல்லோருடைய கண்ணும் அவன் மேல்தான் இருக்கும். கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஆபீஸ் அக்கா ஒருவருடைய அண்ணன் தோட்டம் கிடைத்தது. தென்னந்தோப்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்கு அடியில் ஆட்டம் வைக்காதீர்கள். காற்றில் மட்டையும் காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. தேங்காய் காயப்போடும் சிமென்ட் களத்திலும் ஓட்டப்பந்தயம் கூடாது, முட்டி தேய்ந்துவிடும். பக்கத்தில் உழாமல் கிடந்த வெற்று நிலம் எங்களுக்குச் சரியாக இருந்தது. மழை வந்தால் ஒதுங்கச் சாளை (தோட்டத்து வீடு) இருந்தது. ஜூலைக் கடைசியில் வால்பாறைப் பக்கம் அப்படிக் கொட்டியிருந்ததால் இதையும் யோசிக்க வேண்டியிருந்தது. கழிப்பறை இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பெண்கள் வருவதும் வராததும் பாதி அதில்தான் இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்தே எங்கள் பக்கம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், ஐந்து கிராம் இறகுப்பந்து எந்த மூலைக்கு? ஷட்டில் பேட்டைத் தூக்கிவந்தவர்கள் அதை விசிறியாகக்கூடப் பயன்படுத்தத் தேவைப்படவில்லை. பலூன், பேப்பர் கப் வைத்து ஆடும் எதுவும் அந்த மாதத்தில் ஆகாது. மியூசிக்கல் சேருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் பாட்டு நிற்பதற்கு முன்பே தாமாக விழுந்தன.

அப்புறம் கிரிக்கெட். வேண்டாம் என்று நான் சொன்னதற்குப் பசங்க முகம் தொங்கிவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நன்றாக ஆடும் ஐந்தாறு பேர் ஆடுவார்கள், பெண்கள் வெள்ளரிக்காய் நறுக்குவார்கள், அண்ணனை அம்பயராக நிறுத்துவார்கள். அம்பயர் வேலையும் ஏறக்குறைய அந்த நாற்காலிதான். எல்லோருக்கும் சிறுவயதில் தெரிந்து, இப்போது யாருக்கும் சரியாக வராத ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். சில்லாங்குச்சி (கிட்டிப்புள்) அப்படிப்பட்டதுதான், ஆனால் குச்சி கண்ணில் பட்டால் விபரீதம். நாங்கள் எடுத்தது ஏழுகல்.

தட்டையான ஏழு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, ஒரு அணி பந்தால் சரிப்பது, எதிரணி பந்தால் அடிப்பதற்குள் திரும்ப அடுக்குவது. டைல்ஸ் துண்டு கூடாது, ஓரம் கையைக் கிழிக்கும். பந்து மெத்தென்று இருக்கட்டும். அணி பிரிக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். சீனியர், ஜூனியர் என்றோ, ஆண்கள், பெண்கள் என்றோ பிரித்தால் ஆபீஸ் அப்படியே இடம் மாறி வந்த மாதிரி ஆகிவிடும்.

குலுக்கலில் எங்கள் ஆடிட்டர் சாரும் அண்ணனும் எதிரெதிர் அணி. ஆறு கல் அடுக்கியாயிற்று. அண்ணன் ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு குனிகிறார், சார் எறிந்த பந்து முதுகில் பட்டது. பட்டது முன்னாலா, பின்னாலா?

"கல்லு வெச்சதுக்கப்புறம்தானுங் சார் பட்டுது!"

"இல்லீங்க, முன்னாடியே பட்டிருச்சு."

"அதெப்படீங் சார்? கை எடுத்துட்டேனுங்!"

சார் சொல்லி அண்ணன் மறுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. கல்லின் மேல் பாதம் படாமல் இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டு, மண் அப்பிய கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஆர்ட்டிகிள்ஸ் பையன் ஒருத்தன் போனில் எடுத்திருந்த வீடியோவை ஓட்டிக் காட்டினான். அண்ணன் சொன்னதுதான் சரி. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்துவிட்டு, "சப்போர்ட்டிங் டாக்குமென்ட் போதாதுங்க" என்றார். சிரித்துச் சிரித்து ஆட்டமே நின்றுபோனது. ஒரு மணி நேரப் பாராட்டுரை இந்தச் சண்டைக்குப் பக்கத்தில் வருமா?

கயிறு இழுக்கும் போட்டி வைப்பதானால் கொஞ்சம் கவனம் வேண்டும். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த ஆட்டம்தான், விளையாட்டாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. 1997 அக்டோபரில் தைபேயில் 1,600 பேர் இழுத்த நைலான் கயிறு அறுந்து, இரண்டு பேருக்குக் கையே துண்டாகிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்துதான் ஒட்டவைத்தார்கள். நம் இருபது பேர் அவ்வளவு பலசாலிகள் இல்லை, இருந்தாலும் நைலான் கயிறு வேண்டாம், கனமான வடக்கயிறு கேட்டு வாங்குங்கள். கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது. மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். இடுப்பு வலி, பிபி உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தாமல், கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல விடுங்கள்.

கடைசியில் உறியடி. அண்ணன் கண்ணைக் கட்டிவிட்டு, அவர் யார் பேச்சைக் கேட்கிறார் என்று பார்த்தோம். வலது, இடது என்று ஆளாளுக்குக் கத்த, அவர் காது கொடுத்தது ரிசப்ஷன் அக்காவின் குரலுக்குத்தான். பானையில் மஞ்சள் தண்ணீர். அடிப்பவர் தவிர மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும், கம்பு எந்தப் பக்கம் வரும் என்று அவருக்கே தெரியாது.

ஓடுகிற ஆட்டமெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால். பிரியாணிக்குப் பிறகு யாரும் அசைய மாட்டார்கள், அந்தாக்ஷரிக்குத்தான் லாயக்கு. மோரும் எலுமிச்சைச் சாறும் காலையிலிருந்தே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் போடாதீர்கள். ஸ்டைபெண்டில் ஓட்டுகிற பையன்களுக்கு வேன் வாடகை மட்டும், மீதியைச் சம்பளக்காரர்கள் ஏற்றுக்கொண்டோம். பிரியாணியைச் சார் பார்த்துக்கொண்டார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வாட்ஸாப் குழுவில் பட்டியல் போடவே கூடாது. நினைவுப் பரிசை அண்ணியிடம் ரகசியமாகக் கேட்டு வாங்கினோம், அதனால் இன்னொரு சுவர்க் கடிகாரத்திலிருந்து அவர்கள் வீடு தப்பித்தது.

பேச்சு முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆடி முடித்து, சட்டையெல்லாம் மண்ணாக உட்கார்ந்திருக்கும்போது தானாக வரும். எங்களுக்கு அது வேனில் வந்தது. பாதி வழிக்கு மேல் அண்ணன் எழுந்து நின்று, எந்தக் கிளையண்ட்டின் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி) எந்த டிராயரில் இருக்கிறது, யாருக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் போன் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பின் சீட்டில் ஒரு பொண்ணு எல்லாவற்றையும் போனில் டைப் செய்துகொண்டு வந்தாள். இப்போதும் ஆபீசில் ஏதாவது டோக்கன் காணவில்லை என்றால் அந்தப் பட்டியலைத்தான் திறக்கிறோம்.