பதினான்கு நாளில் என்ன செய்ய முடியும்? – கேள்வி பதில்

சோஷியல் என்டர்பிரைஸ், அதாவது சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காக நடத்தும் தொழில், அந்தத் திட்டங்களைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களும், அப்படி வருகிறவர்களை வரவேற்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. புதுச்சேரியிலிருந்து மாணவர் குழுக்களை இலங்கைக்கும் நேபாளத்துக்கும் அழைத்துப்போய் வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பண்ருட்டி, பி.பி.ஏ. மாணவி: கல்லூரியில் இலங்கைக்குப் பதினான்கு நாள் அழைத்துப்போகிறார்கள். அந்த ஊருக்கு என்னால் என்ன பயன் சார்?

ஒரு பட்டியல் எழுதலாம்மா. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 1976-ல் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்த முகமது யூனுஸ், பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண்ணிடம் பேசினார். மூங்கில் வாங்கப் பணம் கொடுத்த வியாபாரிக்கே, அவன் சொல்லும் விலைக்கு முக்காலியைக் கொடுத்தாக வேண்டும். நாள் முழுக்க உழைத்தும் கையில் நிற்பது சில காசுதான். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று விசாரிக்க ஒரு மாணவியை அனுப்பினார். ஒரு வாரத்தில் வந்த பட்டியலில் 42 பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 27 டாலர். அதை யூனுஸ் தன் கையிலிருந்தே கடனாகக் கொடுத்தார். 1983-ல் வங்கியாகி, 2006-ல் நோபல் பரிசு வரை போன கிராமீன், ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுக்கும் அமைப்பு, அங்கேதான் முளைத்தது. அந்த மாணவி செய்தது வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது.

நீங்கள் போகிற இலங்கையிலும் கிராம முன்னேற்றத்துக்கான சர்வோதய இயக்கம், 1958-ல் ஆரியரத்ன என்ற கொழும்பு ஆசிரியர் தன் மாணவர்களோடு கனதொலுவ கிராமத்தில் நடத்திய சிரமதான (உழைப்பைத் தானமாகத் தரும்) முகாமில்தான் தொடங்கியது. ஆனால் இந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் அந்தக் கிராமங்கள் நினைத்தால் போய்வரக்கூடிய தூரம். உங்களுக்கு அப்படியில்லை. நீங்கள் விமானம் ஏறிய பிறகு உங்களைத் தேட வைக்கிற எந்த வேலையையும் அங்கே தொடங்காதீர்கள்.

நெல்லிக்குப்பம், ஒரு தந்தை: மகனின் நேபாளப் பயணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

செலவைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை, அதனால் விசா கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் எதற்கென்று கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது, அங்கே வரவேற்கும் குழுவுக்கு எவ்வளவு போகிறது என்பதை. அவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் நம் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் வராத இடத்துக்கு நான் அனுப்பமாட்டேன்.

முத்தியால்பேட்டை, மாணவர்: பழைய துணி கொண்டுபோய்க் கொடுக்கலாமா? பள்ளியில் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம் தம்பி. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் யாருக்கும் உதவாமல் குவிந்து கிடந்த பழைய துணியைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். பின்வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள்.

கடலூர், மாணவி: போவதற்கு முன் இங்கே எதைப் பார்க்கலாம்?

தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அமைப்பு அது. கட்டணம் கட்டுகிறவர்களின் பணம் இலவச அறுவை சிகிச்சையைத் தாங்குகிறது. அது எப்படிச் சாத்தியம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். ஆரோவில்லில் மாதவிடாய்க்கான துணி நாப்கின் செய்யும் ஈக்கோ ஃபெம்மும் உண்டு.

தேவனாம்பட்டினம், மகளிர் குழு: எங்கள் கருவாட்டுக் குழுவைப் பார்க்க பிரான்சிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் என்ன செய்யணும்?

அக்கா, இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். வழக்கமாக யாரும் உங்கள் பக்கத்திலிருந்து கேட்பதில்லை. முதலில், அவர்களுக்காக வேலை நிற்கும் நேரத்துக்குக் கூலி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். போட்டோ எடுக்கலாமா என்று குழுவாக முடிவு செய்யுங்கள். சொந்தக் கடன் விவரம் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்தது, வேலையை நீங்கள் கொடுங்கள். ஒரு கிலோ கருவாட்டுக்கு மீன், உப்பு, பஸ்ஸில் கூடைக்கு லக்கேஜ், காயவைக்கும்போது கெட்டுப்போவது எல்லாம் சேர்த்து என்ன அடக்கம் ஆகிறது என்று உங்களோடு உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். நான் பார்த்த குழுக்கள் பெரும்பாலும் உப்பை எழுதுகின்றன, வெயிலில் நின்று புரட்டிப்போடும் தங்கள் கூலியை எழுதுவதில்லை. அதையும் சேர்த்தால் வியாபாரியிடம் சொல்லும் விலை மாறும். கணக்கு அவர்களுடைய லேப்டாப்போடு போய்விடக் கூடாது. தமிழில், உங்கள் குழு நோட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.