கார்டு சரியாக வாசித்தும் ரெகே பாட்டு ஏன் ரெகே மாதிரி கேட்கவில்லை?

பியானோவில் கார்டு (ஒரே நேரத்தில் அழுத்தும் சுரக்கூட்டம்) எல்லாம் சரி, ஆனால் சர்ச் பாட்டு மாதிரி கேட்கிறது என்கிறீர்கள். அநேகமாக முதல் தட்டிலேயே கார்டை அழுத்துகிறீர்கள். ரெகே பிறந்த ஜமைக்காவில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். ‘ஒன் டிராப்’ என்ற ரெகே தாளத்தில் பேஸ் டிரம்கூட நான்கு தட்டில் மூன்றாவதில்தான் விழும். பியானோவுக்கு 2, 4 இரண்டு தட்டிலும் கார்டைச் சுருக்கென்று அழுத்தி விடும் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

பாப் மார்லியின் 1977 ‘எக்ஸோடஸ்’ ஆல்பத்தில் வரும் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள், ஏ, டி, ஈ என்று மூன்றே மேஜர் கார்டு. வலது கையில் ஏ, சி ஷார்ப், ஈ பிடித்துவிட்டு, டி கார்டுக்குக் கட்டைவிரலை அங்கேயே வைத்துக்கொண்டு ஏ, டி, எஃப் ஷார்ப் என்று விரியுங்கள், ஈ கார்டுக்கு ஜி ஷார்ப், பி, ஈ, கட்டைவிரல் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு மட்டும் நகரும்.

பெடலில் காலே வைக்காதீர்கள். சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி விரல் உடனே எழ வேண்டும். எனக்கு இதுதான் ரொம்ப நாள் வரவில்லை, கார்டு இழுத்துக்கொண்டே இருக்கும்.

இடது கையை இப்போதைக்கு மடியில் வையுங்கள். மெட்ரோனோமை 100-இல் விட்டு, ‘ஒன்று’ என்று வாயால் சொல்லி ‘இரண்டு’க்கு வெட்டுங்கள். அது பழகியதும் அப்புறம் ரெகேயில் ஆர்கன் வாசிக்கும் முறையான ‘பபுள்’: வலது கை வெட்டுக்கு அரைத் தட்டு முன்னும் பின்னும் இடது கை மெதுவாகத் தொடும்.